அம்மா தூங்கிய பகல்

காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். கையில் குளுக்கோஸ் ஏறுகிறது, பஞ்சில் ஸ்பிரிட் வாடை. தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மகள் நொடிக்கொரு தரம், "அம்மா, முழிச்சிருக்கியா?" என்கிறாள்.

எண்பதுகளில், இதே செஞ்சியில், கொல்லையில் மல்லாட்டைக் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கண்ணாடிவிரியன் கடித்தது. நைனா சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். விஷமுறிவு மருந்தை சலைன் பாட்டிலில் கலந்து ஏற்றினார்கள். மத்தியானம் வந்த டாக்டர், "இனிமே பயமில்ல, தூங்கட்டும்" என்றார்.

நைனாவின் அக்காவுக்கு டாக்டரைவிட ஊர்ப்பேச்சில்தான் நம்பிக்கை. "பாம்பு கடிச்சவ தூங்குனா வெசம் தலைக்கேறிடும். கண்ண மூடுனா கூப்புடுடி" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அம்மாவுக்குக் கண் சொருகும்போதெல்லாம் கூப்பிட்டேன். "இருக்கறன்டி" என்றாள். கடைசியில், "வுடுடி கண்ணு. கட்டிகினு வந்ததுலேருந்து இன்னிக்குத்தான் பகல்ல படுத்திருக்கறேன்" என்றாள்.

அதன்பிறகு நான் கூப்பிடவில்லை. அம்மா தூங்கி அதுவரை நான் பார்த்ததேயில்லை; நாங்கள் எழும்போது அவள் அடுப்பின் முன்னால் இருப்பாள். பயத்தோடு அவள் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீ குடித்துவிட்டு வந்த அத்தை, "ஐயோ, தூங்கிட்டாளே!" என்று அலறி அம்மாவை உலுக்கினாள். அம்மா மெல்லக் கண் திறந்தாள்.

"அதுக்குள்ள எழுப்பிட்டீங்களா?"

மகள் மறுபடி கூப்பிடுகிறாள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். வயிறு ஏறி இறங்குவதை அவளும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.