பக்கவாசலால் ஏறிய கதிரை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், பனிமலையொன்றில், பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்ட் பழக்கிக்கொண்டிருந்த காலம். என்னிடம் பழக வந்த ராணி அன்ரி, அன்று பின்னேரம் கடைசியாக ஒருமுறை சறுக்க ஆசைப்பட்டார். கம்பியில் தொங்கும் கதிரைகளில் ஆட்களை மலையுச்சிக்கு ஏற்றும் லிஃப்டை இயக்குபவர் முதுகைக் காட்டியபடி முன்வாசலை மூடிக்கொண்டிருந்தார். பயிற்றுநரை யார் கேட்பது என்ற திமிரில், பக்கவாசலால் அன்ரியைக் கூட்டிப்போய் ஓடும் கதிரையில் ஏறினேன்.

பாதிவழியில், அந்தரத்தில், லிஃப்ட் அன்றைக்கென நிறுத்தப்பட்டது. என் வோக்கிடோக்கி கீழே அலுவலகத்தில் கிடந்தது. கத்தினோம், காற்றுதான் கேட்டது.

“தம்பி, ஆரும் வருவினமோ?”

“ஓம் அன்ரி, வருவினம்.”

நாங்கள் ஏறியது எவருக்கும் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. விரல்கள் மரத்த பிறகுதான், பனியைச் சமப்படுத்தும் வண்டிக்காரர் அன்ரி அசைத்த சிவப்பு மப்ளரைக் கண்டு ஆட்களைக் கூட்டிவந்தார்.

இப்போது முன்வாசலால்தான் போகிறேன். இயக்குபவர் என் முகம் பார்த்துத் தலையசைக்காமல் ஏறுவதில்லை. அன்ரியோ இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார்: “தம்பி சொன்னமாதிரியே ஆக்கள் வந்தவை.”