ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்து வயிற்றுவலி

மகளுக்கு வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் தொடங்கும். சனிக்கிழமை முழுவதும் வாய்க்கால் கரையில் துள்ளித் திரிந்தவள், மறுநாள் பொழுதுபடும் நேரத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டுவிடுவாள். திங்கட்கிழமை விடிய, சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுப்பாள். ஓமத்தண்ணீர் கொடுத்தேன், பூச்சி மருந்து கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்போது அவள் நாலாம் வகுப்பு. நாங்கள் இருப்பது முள்ளியவளைப் பக்கம். கணவருக்கு வயல்வேலை, எனக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை.

படிப்பு ஏறாத பிள்ளை இல்லை அவள். ஒரு கதையை ஒரு தரம் வாசித்தால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லுவாள். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்கப் போனபோது தகப்பனிடம், "இவ்வளவு தண்ணியும் சும்மா கடலுக்குத்தானே போகுது, கீழ இன்னொரு குளம் ஏன் கட்டேல்லை?" என்று கேட்டாள். ஆனால் அவளுடைய கணக்குக் கொப்பியைத் திறந்தால் முதல் இரண்டு கணக்கும் சரியாக இருக்கும், மூன்றாவது பாதியில் நின்றிருக்கும், அதற்குக் கீழே ஒரு கொக்கு. பென்சில் வாரம் ஒன்று தொலையும்.

"கெட்டிக்காரி, அதில சந்தேகமில்லை," என்றா வகுப்பு ரீச்சர். "ஆனா வகுப்பில ஆள் இல்லை. உடம்பு மட்டும்தான் இஞ்ச இருக்கு."

தவணைப் பரீட்சை நடந்த ஒரு நாள் ரீச்சர் கடைக்குத் தொலைபேசி எடுத்தா. கணக்குப் பேப்பர் கொடுத்துச் சிறிது நேரத்தில் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிப் போனவள் திரும்பி வரவில்லையாம். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். போகும் வழியெல்லாம் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தபடியே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது பாடசாலையில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், மதிலுக்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தவளை நான்தான் கண்டேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. நானும் பக்கத்தில் குந்தினேன்.

"எனக்கு எல்லாம் தெரியும் அம்மா," என்றாள். "ஆனா பேப்பரைப் பாத்தா எழுத்தெல்லாம் ஓடுது. மற்ற ஆக்கள் பக்கம் திருப்புற சத்தம் கேட்டா நெஞ்சு அடிக்குது."

அந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லி, மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். செய்தி கேட்டு மச்சாள் வந்து குசினிக் கதவடியில் நின்றா. "பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சியளோ?" என்றா. கணவரும், "வளர வளரச் சரியாயிடும்," என்றுதான் சொன்னார். ஆனாலும் கிளினிக் நாளன்று காலையில் வயலுக்குப் போகாமல் மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைத்திருந்தார்.

கிளினிக்கில் இருந்தவா ஓர் இளம் பெண் டொக்டர். மகளோடு நெடுநேரம் கதைத்தா, கொப்பியைப் புரட்டிவிட்டுக் கொக்கு வரையச் சொல்லிப் பார்த்தா, பிறகு எங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கினா. தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போவாளா? கையில் இருந்த பொருளை எங்கே வைத்தாள் என்று மறப்பாளா? கூப்பிட்டால் காது கேளாதவள் போல் இருப்பாளா? நான் ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கணவர் வரவரக் கதிரையின் நுனிக்கு நகர்ந்து வந்தார்.

"பிள்ளை சோம்பேறி இல்லை," என்றா டொக்டர். "கவனத்தை ஒரு இடத்தில பிடிச்சு வைக்கிறது அவவுக்குக் கஷ்டம். அது பிடிபடாமல் போகப் போக, ஏச்சு விழப்போகுது எண்ட பயம் வருது. பயம் வந்தா இருக்கிற கவனமும் போயிடும். அந்தப் பதகளிப்புத்தான் வயித்தில நோவா வருது."

மகள் குறுக்கிட்டாள். "அப்ப எனக்குப் படிப்பு வராது எண்டில்லையோ?"

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் நினைச்சனான்."

திரும்பி வரும் வழியில் கணவர் ஒரு மருதமர நிழலில் வண்டியை நிறுத்தினார். மகள் இறங்கி விழுந்து கிடந்த காய்களைப் பொறுக்கப் போனாள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே, "டொக்டர் கேட்டது முழுக்க என்னைப் பற்றிக் கேட்ட மாதிரிக் கிடந்தது," என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோவது, தேடாத நாளே இல்லாத மண்வெட்டி, அரைவாசியில் நிற்கும் வேலி. இத்தனை வருடமும் அதை அவருடைய குணம் என்றுதான் எடுத்திருந்தேன்.

டொக்டர் வகுப்பில் செய்யச் சொன்னவற்றை நான் போய் ரீச்சருக்குச் சொன்னேன். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவாவும் என்ன செய்வா? பெருமூச்சு விட்டா. "செய்து பாப்பம்," என்றா. மறுநாளே மகளை யன்னலோரத்தில் இருந்து எடுத்து, முன்வாங்கின் சுவர்ப்பக்க ஓரத்தில் இருத்தினா. இருக்க முடியாவிட்டால் ஒருவரையும் மறைக்காமல் அங்கேயே எழுந்து நின்று எழுதலாம். நெஞ்சு அடித்தால் கேட்காமலே குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வரலாம். கேள்வித்தாளை மடித்து ஒரு நேரத்தில் ஒரு கணக்கு மட்டும் தெரியும்படி கொடுப்பது ரீச்சர் தானாகக் கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புதுக்குடியிருப்புக்குப் போய்வந்த ரியூசன் வகுப்பை நாங்கள் நிறுத்தினோம்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. சத்தி நின்றது. வயிற்றுவலி வந்து வந்து போனது. கொப்பியில் கொக்கும் இருந்தது, ஆனால் இப்போது ஐந்தாவது கணக்குக்குக் கீழே.

அடுத்த தவணைப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தா. "ஒரு பிள்ளை மட்டும் எழும்பி நிக்கலாம், நினைச்ச நேரம் வெளிய போகலாம் எண்டா மற்றப் பிள்ளையள் என்ன பழகும்? அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை வருசம் வேற வருது."

ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் வாயெடுப்பதற்கு முன் கணவர் எழுந்துவிட்டார். கூட்டங்களில் கடைசி வாங்கில் இருந்து, முடிவதற்கு முன்னமே எழும்பிப் போகிறவர் அவர்.

"அது என்ர பிள்ளை," என்றார். "நானும் அவளை மாதிரித்தான் இருந்தனான். அந்த நேரம் எனக்கு ஒருத்தரும் எழும்பி நிக்கலாம் எண்டு சொல்லேல்லை. அடிதான் விழுந்தது. எட்டாம் வகுப்போட நிண்டிட்டன். எல்லாரும் சண்டை, இடம்பெயர்வாலதான் படிப்பு நிண்டது எண்டு நினைக்கினம். இல்லை. எனக்கு வகுப்புக்குள்ள போகப் பயம்." ரீச்சர் பக்கம் திரும்பினார். "இவளின்ர படிப்பு நிக்கக் கூடாது. வேறொண்டுமில்லை." சொல்லிவிட்டு இருந்தார். எனக்கும் அது புதுக்கதைதான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்தத் தாய் படலையடியில் என்னைப் பிடித்தா. கோபமாக ஏதோ சொல்லப்போகிறா என்று நினைத்தேன். "பிள்ளையைக் கொண்டுபோன அந்தக் கிளினிக் எந்தக் கிழமை?" என்று மெல்லக் கேட்டா. "என்ர மூத்தவனும் கொஞ்சம்..." வியாழக்கிழமை என்றேன்.

புலமைப்பரிசிலில் மகள் வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. முடிவு வந்த அன்று நான் பானையைக் கழுவுகிற சாட்டில் கிணற்றடியில் நின்றேன். எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டாலும் உள்ளே எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறேன். அவள் வந்து வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதினனான் அம்மா. இடையில எழும்பி ஓடேல்லை."

அன்றைக்கு இராச்சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தேன்.

இப்போது அவள் ஆறாம் வகுப்பு. பாடத்துக்கு ஒரு ஆசிரியர், எல்லோரும் புதியவர்கள். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டுமே என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் விஞ்ஞான ஆசிரியரைப் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். அவரே கதையைத் தொடங்கினார்.

"உங்கட மகள் முதல்நாளே வந்து சொன்னவா," என்றார். "'சேர், கனநேரம் இருந்தா எனக்குப் பதகளிக்கும். ஓரத்தில நிண்டு எழுதட்டே?' எண்டு கேட்டவா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நில்லுங்கோ பிள்ளை எண்டன்."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார்.