மஞ்சள் வளையலும் அரைக்கால் திருப்பமும்

பிள்ளைகளே, நான் பத்தாவது வரை படித்தவன். மந்தைவெளியில் ஆட்டோ ஓட்டுகிறேன். என் மனைவி நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் மீன் விற்கிறாள். எங்கள் மகள் அடையாறில் குவாண்டம் கணினி பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய கணக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் வராந்தாவுக்கு வந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கணினிக்கு வேலை சொல்ல, நீளமாகக் கோடுகள் போட்டு அவற்றின் மேல் குறிகள் வைக்கிறார்கள். ஒவ்வொரு குறிக்கும் 'கேட்' என்று பெயர். பெரும்பாலான குறிகளை இயந்திரம் சுலபமாகச் செய்துவிடும். ஆனால் அரைக்கால் திருப்பம் என்று ஒன்று உண்டு. ஒரு முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு மட்டும் தனியாக ஒன்றைப் பக்குவமாகத் தயார் செய்ய வேண்டும். பலமுறை செய்து, தேறாததைத் தள்ளிவிட்டு, தேறியதை மட்டும் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமாம். ஆகவே அது கொள்ளை விலை. ஆனால் இரண்டு அரைக்கால் திருப்பங்களை ஒன்று சேர்க்க முடிந்தால் அது கால் திருப்பம் ஆகிவிடும். கால் திருப்பம் இயந்திரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

என் மகளின் வரைபடத்தில் அரைக்கால் திருப்பங்கள் அதிகம். மறுநாள் காலைக்குள் குறைத்துக் கொடுத்தால் அவளுடையதை நிஜ இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க அனுப்புவதாக அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் சொல்லியிருந்தார். இல்லையென்றால் வேறொருவருடையது போகும். அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அவள் குறைத்துத்தான் வைத்திருந்தாள். ஒரே கோட்டில் இருந்த இரண்டிரண்டு திருப்பங்களைச் சேர்த்திருந்தாள். சரிபார்த்தால், பழைய வரைபடமும் புதியதும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

"நடுவுல நட்சத்திரக் குறி ஒண்ணு கீது நைனா. அதத் தாண்டினா எல்லாமே மாறிடும். நான் அதக் கண்டுக்காம சேத்துட்டேன்" என்றாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

"அப்போ வேற ஜோடி தேடு."

"தேடிக்கினுதான் கீறேன். கண்ணு பூத்துப்போச்சு. நடந்து பாத்தா புரியும்."

வரைபடத்தில் நட்சத்திரம் இல்லாத ஒரு துண்டை எடுத்து, வராந்தாவில் சாக்பீஸால் இரண்டு கோடுகளும் அவற்றின் மேல் சந்திப்புகளும் திருப்பங்களும் போட்டாள். ஒரு கோட்டில் என் மனைவி. இன்னொன்றில் என் மகள் அக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர், தி.நகர் பிளாட்பாரத்தில் வளையல் கடை வைத்திருப்பவர். அவருடைய வளையல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

விதி இதுதான். மனைவி கையில் சிவப்பு வளையல், அக்கா கையில் மஞ்சள். இருவரும் சந்திக்கும் இடத்தில் ஒருவர், மற்றவர் கையில் இருக்கும் நிறங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தானும் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நிறம் ஏற்கெனவே தன் கையில் இருந்தால் கழற்றிவிட வேண்டும். திருப்பம் வரும் இடத்தில் கையில் உள்ள நிறத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு திருப்பங்களில் ஒரே நிறம் வந்தால், கோடு வேறாக இருந்தாலும் அவற்றைச் சேர்த்துவிடலாம்.

அக்கா நடந்தார். முதல் திருப்பம். "மஞ்சா" என்றார். பிறகு என் மனைவியைச் சந்தித்து ஒரு சிவப்பும் போட்டுக்கொண்டார். அடுத்த சந்திப்பில் போட்டுக்கொள்வது என் மனைவியின் முறை. அதைத் தாண்டி அவளுடைய திருப்பம்.

மகள் குனிந்து எழுதிக்கொண்டே, "இன்னா நிறம்மா?" என்றாள்.

"செவப்பு, மஞ்சா."

மகள் சாக்பீஸைக் கீழே போட்டாள். "சேரல. அவ்ளோதான்."

என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "செவப்பு ரெண்டு பேர் கைலயும் இருந்தா நான் கழட்டணுமா?"

"கழட்டணும்னு சொன்னேனேம்மா. கழட்டலியா?"

"வெள்ளிக்கெழம, வெளக்கு வெக்கிற நேரத்துல, போட்ட செவப்பு வளையல கழட்டச் சொல்றியே. நான் மாட்டேன். உங்க நைனாவ நடக்கச் சொல்லு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்படித்தான் பிள்ளைகளே, நான் சிவப்பு வளையல் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். அக்கா விடுவாரா?

"அண்ணனுக்கு எத்தினியாவது மாசம்? வளகாப்புக்குச் சொல்லவே இல்லியே."

"நீ சீர் எடுத்துனு வா, அப்பால சொல்றேன்" என்றேன்.

சந்திப்பு வந்தது. அக்கா கையில் சிவப்பும் மஞ்சளும். என் கையில் ஏற்கெனவே சிவப்பு, கழற்றினேன். மஞ்சள் இல்லை, போட்டுக்கொண்டேன். திருப்பத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். மஞ்சள் மட்டும்தான் இருந்தது.

அக்காவின் முதல் திருப்பத்திலும் மஞ்சள். என் திருப்பத்திலும் மஞ்சள். அவர் ஒரு கோடு, நான் ஒரு கோடு. ஆனாலும் இரண்டும் ஒன்றுதான்.

மகள் உள்ளே ஓடிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தாள். கோட்டைப் பார்க்காமல் நிறத்தைப் பார்க்கும்படி, நட்சத்திரம் வந்தால் பழைய நிறங்களை விட்டுப் புது நிறம் எடுக்கும்படி, நிரலை மாற்றி எழுதினாள். அவள் அம்மா விளக்கேற்றி, குழம்பு கொதித்து இறங்குவதற்குள் ஜோடி ஜோடியாக வந்து விழ ஆரம்பித்தன. இந்தத் தடவை சரிபார்த்தபோது பழையதும் புதியதும் ஒரே வேலையைச் செய்தன. மேடம் கேட்டதைவிடவும் குறைந்திருந்தது.

மறுநாள் லஸ் சிக்னலில் நிற்கும்போது போன் அடித்தது.

"நைனா, என்னுதுதான் போவுது. மேடம் அனுப்பிட்டாங்க."

"சரிமா" என்றேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த சவாரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வளையலை நான் கழற்றவில்லை.

"வேண்டுதலா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். "எம்பொண்ணு கணக்கு." பச்சை விழுந்தது. ஹாரனை ஒரு தடவை நன்றாக அழுத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.