முன் சீட்டும் பின் சீட்டும் ஜோடி அல்ல

புதன்கிழமை காலை பத்தே காலுக்கு வர்கீஸ் சார் எங்கள் சாம்பிள் ரூமில் இரண்டு நாற்காலிகளை ஒன்றின் பின் ஒன்றாகப் போட்டார். நாங்கள் தைத்து முடித்திருந்த இரண்டு சீட் கவர்களையும் அவற்றின் மேல் மாட்டினார். பின் நாற்காலியில் தானே உட்கார்ந்து இடது கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

"மேப் பாக்கெட் எதுக்கு சார் இந்தப் பக்கம் வந்திருக்கு? இங்கதான த்ராட்டில் இருக்கும்?"

முன் சீட்டில் பாக்கெட் வலது பக்கம் இருந்தது. பின் சீட்டில் இடது பக்கம். முந்தின நாள் மாலை அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அழகாக இருக்கிறதென்று டைரியில் எழுதியவன் நான்.

1. வந்த ஆர்டர்

ஆம்பூரில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம், புது ஆர்டர்களுக்கு மாதிரி தைக்கும் சாம்பிள் ரூம் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். இதையும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் அப்பர் வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குப் பழைய ராணுவ விமானம் ஒன்று சொந்தம். தாழப் பறந்து தரையை வேவு பார்க்கவும், தேவைப்பட்டால் தாக்கவும் செய்யப்பட்ட சின்ன விமானம். ப்ரொப்பெல்லர் சுழற்றும் இரண்டு டர்போப்ராப் இன்ஜின், இரண்டு வால் தண்டு, உட்கார இரண்டு பேர். துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு விமானக் கண்காட்சிகளில் ஓட்டுகிறார். அதற்குத் தோலில் இரண்டு சீட் கவர் கேட்டார். சென்னையில் அவருடைய ஏஜென்ட்தான் வர்கீஸ் சார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

விமானத்துக்குள் போகிற தோல் தீ டெஸ்டில் பாஸாக வேண்டும். பத்துத் தோல் அனுப்பினோம், நான்கு பாஸானது. அந்த நான்கை வைத்துத்தான் இரண்டு கவரும். பார்சல் சனிக்கிழமை கிளம்ப வேண்டும்.

2. கார்டில் இருந்தது

வர்கீஸ் சார் டீ குடிக்கப் போனதும் புரொடக்‌ஷன் மேனேஜர் இம்தியாஸ் சார் கட்டிங் டேபிளுக்கு வந்தார். கவரை வெட்டியவர் அமுதா. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். பத்து வருடமாகத் தோல் வெட்டுகிறார்.

"இன்னாம்மா இது? டிராயிங்ல ரெண்டுக்கும் வலது பக்கம்னு இருக்குதே?"

"டிராயிங் என்கிட்ட வரல சார். ஒரே பேட்டர்ன்தான் வந்துச்சு. திருப்பிப் போட்டு இன்னொண்ணு வெட்டினேன்."

"யாரு திருப்பச் சொன்னது?"

"எப்பவும் அப்படித்தான சார்?"

எப்பவும் அப்படித்தான். ஷூ கம்பெனியில் ஒரு பேட்டர்னை வைத்து வலது கால் வெட்டினால், அதையே கவிழ்த்து வைத்து இடது கால் வெட்டுவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விமானத்தில் ஓட்டுபவரும் வேவு பார்ப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை. ஒருவர் பின்னால் ஒருவர். இருவருக்கும் இடது கையில் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், வலது கையில் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக். பறக்கும்போது பாக்கெட்டின் மடிப்பு த்ராட்டிலில் மாட்டினால் என்னாகும் என்று வர்கீஸ் சார் எங்களுக்கு விளக்கவில்லை.

"பேஜாரா போச்சு. நீ திங்கக்கிழமையிலேர்ந்து லைனுக்குப் போயிடும்மா. சாம்பிளுக்கு வேற ஆளப் பார்த்துக்கறேன்" என்றார் மேனேஜர்.

அமுதா கையில் இருந்த கத்தியை மூடி வைத்தார். மொத்த உற்பத்தி நடக்கும் லைனுக்குப் போனால் சாம்பிள் ரூம் கிரேடு போய்விடும். அந்த கிரேடுக்காக அவர் மூன்று வருடம் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

எதை, எத்தனை வெட்ட வேண்டும் என்று எழுதிய கட்டிங் கார்டு எப்போதும் வெட்டுபவரின் டேபிள் மேலேயே கிளிப்பில் இருக்கும். எடுத்துப் பார்த்தேன். எண்ணிக்கை என்ற கட்டத்தில் "1 ஜோடி" என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. டிராயிங் என் ஃபைலில் இருந்தது. அதில் "2 எண்ணம், ஒரே மாதிரி" என்றுதான் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த விமானத்தின் போட்டோவில் இரண்டு இன்ஜின், இரண்டு வால் என்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததில், என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

யாரிடமும் சொல்லாமல் கார்டைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதை டைரியில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

கார்டை மேனேஜரிடம் கொடுத்தேன். "இது நான் எழுதினது சார். அவங்க கார்டுல இருந்தபடிதான் வெட்டியிருக்காங்க."

அவர் இரண்டு தடவை படித்தார். "முப்பது வருஷ சர்வீஸ் உங்களுக்கு."

"அதனாலதான் சார் இப்படி எழுதியிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "மெமோ வரும். தோலுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

3. கீறலைத் தாண்டி

துணியாக இருந்தால் கவிழ்த்துத் தைத்துவிடலாம். தோலைக் கவிழ்த்தால் சொரசொரப்பான சதைப்புறம் மேலே வந்துவிடும். நல்ல வேளை, பாக்கெட் இருக்கும் முன் துண்டு ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மற்ற துண்டுகள் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். நான்காவது தோலில் மிச்சம் இருந்தது. அதன் நடுவில் நீளமாக முள்கம்பிக் கீறல். கீறலுக்கு இந்தப் பக்கம் முதுகுத்தோல், கெட்டி. அந்தப் பக்கம் வயிற்றுத்தோல், இழுத்தால் தொய்யும்.

அமுதா பேட்டர்னை வைத்தார், எடுத்தார், சாய்த்து வைத்தார். நான் குனிந்து பார்த்தேன்.

"நிழல் வுழுது சார், தள்ளுங்க."

தள்ளி நின்றேன். கீறலுக்கு ஒரு நூல் தள்ளி, முதுகுத்தோலிலேயே கத்தி போனது. துண்டு முழுதாக வந்தது. அன்று மாலையே தையல் முடிந்தது. வியாழக்கிழமை வர்கீஸ் சார் மறுபடி பின் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். எதுவும் தட்டவில்லை. சனிக்கிழமை பார்சல் போனது.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. அமுதா சாம்பிள் ரூமிலேயே இருந்தார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஷூ அல்லாத எந்த வேலைக்கும் டிராயிங் நகலைக் கார்டோடு சேர்த்துத்தான் கிளிப்பில் மாட்டினேன். அனுபவம் கூடக்கூட கையைத்தான் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. அது நம்மைக் கேட்காமலேயே எழுதிவிடுகிறது.

இரண்டு மாதம் கழித்து வர்கீஸ் சார் ஒரு வீடியோ அனுப்பினார். விமானம் கிளம்பத் தயாராகிறது. இரண்டு சீட்டிலும் எங்கள் தோல், பாக்கெட் வலது பக்கம். கூடவே ஒரு வரி: இந்த விமானத்தில் இரண்டு ப்ரொப்பெல்லரும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றும், கவனியுங்கள்.

அமுதாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"ஆமா, ஒண்ணு இப்படி சுத்துது, ஒண்ணு அப்படி சுத்துது. இன்னா சார், இதுக்கும் நீங்கதான் கார்டு எழுதினீங்களா?"