சூசைநாதனின் ஒரு கேலன்

சூசைநாதனின் மோரிஸ் மைனர் கார் ஒரு கேலன் பெட்ரோலில் வாரம் முழுக்க ஓடுகிறதென்று சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில் பேச்சு. நம்பாமல் நானே ஏறிப் பார்த்தேன்.

வாரம் ஒரு கேலனைத் தாண்டினால் காரை விற்றுவிடுவதாக மனைவி அல்போன்சம்மாள் மிரட்டியிருந்தார். மனிதர் பின்சீட்டையே கழற்றி வீட்டில் போட்டுவிட்டார். ஆக்சிலேட்டரைப் புதுமாப்பிள்ளைக் கூச்சத்தோடு தொட்டார். சோஃபியா மேட்டின் அடிவாரத்தில் நடைவேகத்துக்குக் குறைத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்கி நடந்து வாங்கண்ணே. கனத்தோட ஏறினா பெட்ரோல் குடிக்கும்லா."

"உச்சியில ஏத்திக்குவீங்களா?"

"கண்டிப்பா! இறக்கத்துல கனம் இருந்தா சும்மாவே உருளும்."

மூச்சிரைக்க ஏறினேன். காரைக் காணோம்.

மறுநாள் கேட்டேன். "நின்னு கிளம்பினா வீண்செலவுண்ணே. அப்படியே உருண்டுட்டேன்."

பேச்சு உண்மைதான், காரும் தப்பியது. எனக்கு வரவேண்டிய ஓர் இறக்கம் மட்டும் இன்னும் பாக்கி.