சிம்மில் வைத்த கம்ப்யூட்டர்

சித்தப்பாவுக்குச் சித்தி வைத்த பெயர் 'சிம்'. அடுப்பில் எது இருந்தாலும் தாண்டிப் போகிற போக்கில் அதை சிம்மில் வைத்துவிட்டுப் போவார். மின்விசிறி ஒன்றாம் எண்ணைத் தாண்டக் கூடாது. ரேடியோவில் பாட்டுக் கேட்க வேண்டுமானால் காதை அதன்மேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

"இவரைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து வெளிச்சம் பாதி, காத்து பாதி, பாட்டு பாதி" என்பாள் சித்தி.

சித்தப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். "கம்மியா வெச்சா எதுவும் கெடாது" என்பதோடு சரி.

வெளியாட்கள் கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பார்கள். அது அவருடைய தொழிலிலிருந்து வந்த பழக்கம். ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் அவருக்கு இஸ்திரி போடும் வேலை. சேர்ந்த புதிதில், பக்கத்து மேஜைக்காரர் யாரோ ஒரு விருந்தாளியின் கோட்டைக் கருக்கிவிட்டு அன்றைக்கே வேலை போய் வீட்டுக்குப் போனதைப் பார்த்தவர். அதற்குப் பிறகு எந்தத் திருகைத் தொட்டாலும் அவர் கை தானாகக் குறைந்த பக்கம்தான் போகும்.

கல்லூரியில் இடம் கிடைத்ததும் அப்பா என்னை அவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரிக்குள் போனவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொல்ல யாருமில்லை. குழாய் ஒழுகினாலும், வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்தாலும், "பாப்பாவைக் கேளு, படிச்ச பொண்ணு" என்று முடித்துவிடுவார்கள். நான் படித்ததோ புள்ளியியல். தெரியாது என்று சொன்னால் அடக்கமாகப் பேசுகிறேன் என்று பாராட்டினார்கள். இன்றைக்கு அலுவலகத்தில் யாராவது என் கருத்தைக் கேட்கும்போதும், உண்மையில் தெரிந்துதான் பேசுகிறேனா என்ற சந்தேகம் எனக்கு விடுவதில்லை.

ஓட்டல் வரவேற்பறையில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றியபோது, மேலாளரிடம் கேட்டு ஒன்றைச் சித்தப்பா வாங்கி வந்தார். இறுதியாண்டு ஆய்வறிக்கை முழுவதையும் அதில்தான் அடித்தேன். ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது அது படுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் மூச்சே இல்லை. அறிக்கைக்கு வேறு பிரதி கிடையாது. அது திரும்பக் கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு பட்டம் இல்லை என்பது வீட்டில் மூவருக்கும் தெரியும்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு, "பவர் சப்ளை போயிருக்கும். நாலு ஸ்க்ரூதான், நீங்களே மாட்டிக்கலாம்" என்று புதிதாக ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை முன்னறையில் போர்வையை விரித்து, கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கப் போட்டோம். பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று சித்தப்பா மும்முறை பார்த்தார். பழையதைக் கழற்றியதில் ஒரு திருகாணி உள்ளே விழுந்து ஒளிந்துகொண்டது. இருவரும் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துக் குலுக்கினோம்.

"குழந்தைக்கு வயித்து வலியா?" என்றாள் சித்தி, வாசற்படியில் நின்றபடி.

திருகாணி விழவில்லை. ஒரு செத்த பல்லியும் கொஞ்சம் தூசியும் விழுந்தன. அடுத்த குலுக்கலில் திருகாணியும் வந்தது. புதியதைத் தலைகீழாக வைத்து, ஓட்டைகள் பொருந்தவில்லை என்று கடைக்காரரைத் திட்டி, பிறகு திருப்பி வைத்து மாட்டினோம். ஒயர்களை நான் சொருகினேன்.

அப்போதுதான் சித்தப்பா பின்பக்கத்தில் இருந்த சின்னச் சிவப்பு விசையைக் கவனித்தார். ஒரு பக்கம் 230, மறுபக்கம் 115. அவர் முகம் மலர்ந்தது.

"பாரு பாப்பா, இதுலயும் கூட்டிக் குறைக்க வெச்சிருக்கான். கடைக்காரன் முழுசா வெச்சே குடுத்திருக்கான் பாரு. பழசு ஏன் எரிஞ்சதுன்னு இப்பத் தெரியுது."

"குறைச்சா வேலை செய்யுமா சித்தப்பா?"

"மெதுவா செய்யும். நமக்கு என்ன அவசரம்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அவர் நகத்தால் விசையை 115க்குத் தள்ளினார். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டதும் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து புகை வந்தது. வீடு முழுவதும் ஃபியூஸ் போயிற்று.

சித்தி ஓடிவந்து முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகு அவர் கையை. வழக்கமாக வரும் கிண்டல் எதுவும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சித்தப்பா போர்வை ஓரத்தில் உட்கார்ந்து புகையை மோந்து பார்த்தார்.

"கருகிடுச்சு" என்றார். "இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டை கருகினதில்ல. உன் படிப்பைக் கருக்கிட்டேன்."

பிறகு எழுந்து, வெடித்ததை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பெட்டியையும் எடுத்துப் போகலாம் என்றேன். "வேணாம். சைக்கிள் குலுங்கும். உள்ள ஏதாவது மிச்சம் இருந்தா அதுவும் போயிடும்" என்றார்.

கடைக்காரர் வெடித்ததைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "அண்ணே, இது ரெகுலேட்டர் இல்ல. வேற நாட்டுல கரண்டு பாதிதான் வரும். அங்க ஓட்டறதுக்கு வெச்சது. நம்ம வீட்டுக் கரண்டு முழுசா உள்ள போயிருக்கு, அதால தாங்க முடியல."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

அந்த விசையே இல்லாத ஒன்றைக் கொடுத்தார். வழியெல்லாம் சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், ஏறவில்லை.

போன ஃபியூஸைச் சித்தி ஆள் வைத்துப் போட்டிருந்தாள். இரண்டாவது முறை சித்தப்பா எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். நான் மாட்டி சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாலும் அப்படியே. சித்தப்பா அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தார்.

சித்தி குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். "இது ஏன் தனியாத் தொங்குது? அனாதையா?"

நாலு துளை உள்ள சின்ன பிளக் ஒன்று. ஒயர் கற்றைக்குப் பின்னால் இருந்ததை நான் பார்க்கவேயில்லை. சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொங்கியது பொருந்தும் இடத்தைத் தேடிச் சொருகினேன். மறுபடி போட்டபோது திரை வெளுத்தது. கோப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. அறிக்கையைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

சித்தி கைதட்டினாள். சித்தப்பா மட்டும் எழவில்லை. "எல்லாப் பக்கமும் இருக்கா பாரு" என்றார்.

"இருக்கு சித்தப்பா."

"ஒவ்வொண்ணாக் காட்டு. ஓரத்துல எங்கயாவது கருகியிருக்கப் போகுது."

கம்ப்யூட்டரில் பக்கங்கள் அப்படிக் கருகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை. பக்கம் பக்கமாகத் தள்ளினேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுத்தை விட்டுவிட்டு நான்கு ஓரங்களையும் பார்த்தார். வேகமாகத் தள்ளினால் "இரு, இரு" என்றார். வரைபடம் ஒன்று கறுப்புக் கட்டங்களோடு வந்தபோது திடுக்கிட்டார்.

"அது அப்படித்தான் சித்தப்பா. நானே போட்டது."

"நிஜமாவா?"

"நிஜமா."

கடைசிப் பக்கம் வந்ததும் நீளமாக மூச்சு விட்டார். மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். சித்தி வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க, ஒரு கால்ல என் செருப்பு!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுத் தெருமுனையில் திரும்பிப் போனார்.