கொல்லைச் சுவரில் ஒரு பீங்கான் ரயில்

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருந்த அக்ரஹாரத்துக்கு நான் வந்தது யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மாமனார் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் வைத்ததே சட்டம். அதில் முதல் சட்டம், பீங்கான் சாமான் வாசற்படி தாண்டக் கூடாது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் எச்சில் போய்விடும், பீங்கானில் ஒட்டியது ஒட்டியதுதான் என்பது அவர் கட்சி.

அந்த வருஷம் வைகாசிப் பாதியில் பிடித்த இடவப்பாதி மழையில் எங்கள் கொல்லைக்கும் அடுத்த வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இருந்த சுவர் சரிந்து விழுந்தது. கொத்தன் வந்து எழுப்பிக் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிவிட்டுப் போனான். மறுநாள் நான் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து எதையோ நொறுக்கும் சத்தம் கேட்டது. துவைக்கிற கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

அடுத்த வீட்டு மாமி குந்தி உட்கார்ந்து, கோணிக்குள் எதையோ வைத்துக் குழவியால் தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயசிருக்கும். அவள் கணவருக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. மாதத்தில் பாதி நாள் அவள் தனியாகத்தான் இருப்பாள்.

"என்ன மாமி பண்றேள்?"

"கோழி பண்றேன்," என்றாள் நிமிராமலே.

சுவரின் அந்தப் பக்கத்து ஈரச் சாந்தில் உண்மையாகவே ஒரு கோழி இருந்தது. சாசர் விளிம்புகள்தான் இறக்கை. உடைந்த கிண்ணத்தின் அடிவட்டம்தான் கண். தலையில் எதற்கோ ஒரு தொப்பி.

"நேத்திக்கு என் கோப்பை ஒண்ணு கை தவறி விழுந்துடுத்து. ஈரமா இருக்கேன்னு ஒரு துண்டை வெறுதே அமுக்கிப் பாத்தேன். பின்னே கையை எடுக்க முடியல்லை," என்றாள் மாமி. "வாலுக்குப் பச்சை போறாது. உங்காத்துல பச்சையா ஏதாவது ஒடஞ்சுதோ?"

"எங்காத்துல பீங்கானே கிடையாது மாமி."

"அது ஷெரி," என்று சொல்லிச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் துவைக்கிற கல்லில் ஏறாமல் எனக்குப் பொழுது போகவில்லை. கோழிக்குப் பக்கத்தில் ஒரு மீன் வந்தது. மீனுக்குப் பக்கத்தில் குடை பிடித்த ஒரு பூனை. என்னைக் குடைந்தது வேறொரு கேள்வி. இத்தனை பீங்கான் எங்கிருந்து வருகிறது? அக்ரஹாரத்தில் யாரைக் கேட்டாலும் "எங்காத்துல அந்த அநாசாரமெல்லாம் இல்லையாக்கும்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் மாமியின் கொல்லைக் கதவடியில் காலையில் வாழையிலைப் பொட்டலங்கள் கிடந்தன. பிரித்தால் நீலப் பூப்போட்ட துண்டு, தங்கக் கரை வைத்த துண்டு, ஒரு நாள் பாதி டீ ஜாடி.

"யார் கொண்டு வெக்கறா மாமி? அந்தத் தங்கக் கரை மேலண்டைக் கோடி வீடுதானே?"

"கேக்காதே. யாராத்துதுன்னு கேட்டா நாளைக்கு வராது," என்றாள். நான் விடவில்லை. கோவிலில் யாரைப் பார்த்தாலும் மனசுக்குள் அவர் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்துப் பார்ப்பேன். இவருக்கு நீலமா, ரோஜாவா?

ஆவணியில் மாமி தன் தம்பியை வழியனுப்பத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் வந்தாள். வந்த கையோடு கொத்தனைக் கூப்பிட்டுச் சுவரில் மிச்சமிருந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு பூசச் சொன்னாள். அதில் ரயில் ஓட ஆரம்பித்தது. உடைந்த கோப்பைகளின் காதுகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. அவை ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சினுக்கு மேல் சுருள் சுருளாகப் புகையாயின. ஜன்னல்தோறும் பூத்துண்டு ஒன்று, பிரயாணி. ஒரு ஜன்னல் மட்டும் காலி.

"அங்கே ஒருத்தரும் இல்லையா?"

"இன்னும் ஏறல்லை," என்றாள் மாமி.

ஒரு நாள் மத்தியானம் மாமனார் வெளியே போனதும் மாமியார் என்னைச் சாமான் வைக்கிற உள்ளுக்குக் கூப்பிட்டாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. நெல் பத்தாயத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே மெல்லிய பீங்கான் கோப்பை, இளஞ்சிவப்பு ரோஜா போட்டது, மூன்று துண்டாக.

"என் அண்ணா கொழும்புலேருந்து கொண்டு வந்தது. எலி தள்ளிடுத்து," என்றாள்.

"நீங்க இதுலயா அம்மா காப்பி குடிப்பேள்?"

"அவர் வெளியில போனப்பறம். இதுல குடிச்சா சூடு ஒதட்டுல நிக்கும். டம்ளர்ல அந்தச் சொகம் இல்லை." துண்டுகளை விரலால் தடவினாள். "குப்பையில போட மனசு வரல்லை. அவகிட்ட கொடு. எங்கேருந்துன்னு சொல்லண்டாம்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சிருந்தா நானும் கோப்பையுமாச் சேந்து வாசல்ல இருந்திருப்போம்."

மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். துண்டுகளைப் பார்த்தாள், எங்கள் அடுக்களைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துவைக்கிற கல்லில் ஏறினாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ரோஜாத் துண்டுகள் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து அந்தக் காலி ஜன்னலில் இருந்தன.

"ஜன்னலோரமா உக்காத்தி வெச்சிருக்காளே!" என்றாள் மாமியார். அவள் அப்படிக் குரலெடுத்துப் பேசி நான் கேட்டதேயில்லை.

"எந்தாக்கும் அங்கே பார்வை?"

பின்னால் மாமனார் நின்றிருந்தார். மாமியார் இறங்கக்கூட இல்லை, அப்படியே நின்றுவிட்டாள். அவர் நெட்டையானவர், கல் தேவையில்லை. சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஊர் எச்சிலெல்லாம் நம்ம சுவத்துலயா?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமி எழுந்து நின்றாள். பெரியவரிடம் நேரே பேசுகிற வழக்கம் இல்லை, அதனால் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சுண்ணாம்புல பொதைச்சா எச்சில் ஏதுன்னு உன் மாமனார்கிட்ட சொல்லு."

நான் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் கண்ணை ஓட்டினார். ரோஜா ஜன்னலைத் தாண்டிப் போனார். திரும்பி எஞ்சினுக்கு வந்தார்.

"கார்டு வண்டி எங்கே?" என்றார். "கார்டு இல்லாம வண்டி எப்படிப் பொறப்படும்? கொடி காட்டறது யாரு?"

மாமி திகைத்துப் போனாள். ரயிலில் அப்படி ஒன்று உண்டென்று அவள் கவனிக்கவில்லை. "சுவர் முடிஞ்சு போச்சே, இடமில்லைன்னு சொல்லு," என்றாள்.

"வளைச்சுக் கொண்டுபோகச் சொல்லு. ரயில்னா வளையாதோ?"

அன்று சாயங்காலம் அவர் தன் பழைய மரப்பெட்டியைக் குடைந்து, வாய் உடைந்த பழுப்பு நிற மை ஜாடி ஒன்றை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். உத்தியோக காலத்தது. "இது பீங்கான் இல்லை, ஜாடி. ஒருத்தர் வாயும் படாதது," என்று இரண்டு தடவை சொன்னார். மாமியார் அடுக்களையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கார்டு வண்டி பழுப்பு நிறத்தில் வந்து சேர்ந்தது. ரயில் சுவர் முனையில் வளைந்து மாமியின் கிணற்றடிக்குப் போயிற்று. அது சரியாக வளைந்திருக்கிறதா என்று மாமனார் தினமும் பார்த்தார். பீங்கான் சட்டத்தை மட்டும் தளர்த்தவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது மாமியின் கணவருக்குக் கொல்லத்துக்கு மாற்றலாயிற்று. புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வேலையாகக் கொல்லைச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டார்கள். வாளியும் மட்டையுமாக ஆள் வந்து நின்றபோது மாமியார் துவைக்கிற கல்லில் ஏறினாள். இந்தத் தடவை நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"அதுல அடிக்கண்டாம்," என்றாள் அந்தப் புது வீட்டுக்காரியிடம். "பீங்கான்ல வெள்ளை பிடிக்காது. உரிஞ்சு உரிஞ்சு உங்க கிணத்துலதான் விழும்."

அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. ஆள் சுவரின் எங்கள் பக்கத்துக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டுப் போனான், அந்தப் பக்கத்து ரயிலைத் தொடவில்லை.